இப்பக்கம் காலி எனச் சான்றளிக்கப்படுகிறது

அழியா ஆவணக் காப்பு இயக்ககத்தில் எதையும் பெரிதாக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. சிறிதாக்கத்தான் கேட்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம் ஒன்பது பக்கமாகலாம், பத்து மணிக் கூட்டம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி ஓடலாம், நாலு அலமாரி நாற்பதாகலாம். அதற்கெல்லாம் வளர்ச்சி என்று பெயர். ஆனால் மேசைமேல் கிடக்கும் கிழிந்த உறை ஒன்றைக் கூடையில் போட வேண்டுமானால் மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது கையெழுத்துப் போடுகிறவர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. அதனால் உறை மேசைமேலேயே கிடந்தது.

அங்கே இருந்த கணினிகளில் டெலிட் பொத்தான் கிடையாது. வாங்கி வந்த அன்றைக்கே அதைப் பேனாக்கத்தியால் பெயர்த்து, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, இயக்குநர் அறையில் இருந்த இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். விசைப்பலகையில் அது இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி குழியாக இருக்கும். தட்டச்சர் அக்கா அந்தக் குழியில் குண்டூசி போட்டு வைத்திருந்தார்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் அவனுக்கு ஒன்றைக் குறைக்கும் வேலை வந்து சேர்ந்தது. அவன் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். அலுவலகத்தில் எல்லாருக்கும் ‘சிஸ்டம் தம்பி’. பொத்தான் இல்லாமலும் அழிக்கலாம் என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே அவன்தான். ஆனால் அழித்தால் யார், எப்போது, எதை அழித்தார் என்ற விவரம் தானாகவே மேலிடத்துக்குப் போய்விடும். அதோடு வேலையும் போய்விடும். ஆகவே தெரிந்ததை வெளியே காட்டிக்கொள்ளாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். முதன்மைக் கணினி என்றைக்காவது படுத்துவிட்டால் எழுப்பி உட்கார வைக்க, அதன் இயங்குதளம், கோப்புகள், அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டி ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அந்த நகலை வைப்பதற்கென்று ஒரு வட்டும் வந்தது. வட்டின் கொள்ளளவு இருநூறு ஜிபி. வந்த வேகத்தில் அதையும் முத்திரை வைத்து இரும்புப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. நகல் எவ்வளவு வரும் என்று அவன் கணக்கிட்டுப் பார்த்தான். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

அவன் இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் மாமியார் போன் செய்தார். மகள் பிறந்திருக்கிறாள். மூன்று கிலோ நூறு கிராம். அம்மாவும் பிள்ளையும் நலம். மனைவி பிரசவத்துக்குப் போயிருந்த அவள் அம்மா வீடு ரயிலில் பத்து மணி நேரம். அவன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான், அதே பேனாவால் பத்து நாள் விடுப்புக்கு எழுதிக் கண்காணிப்பாளர் மேடத்திடம் நீட்டினான். காது வரைக்கும் சிரிப்பு.

மேடம் விண்ணப்பத்தை வாசித்தார். வாழ்த்துச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க பேர்ல ஒரு கோப்பு நிலுவைல இருக்கே. இப்பதானே ஆரம்பிச்சீங்க, இருநூத்திப் பன்னிரண்டுன்னு? நிலுவை இருக்கறவங்களுக்கு லீவு கிடையாது. விதி அப்படி.”

“அது அரை மணி நேர வேலை மேடம். பன்னிரண்டு ஜிபிதான். தேவையில்லாததைக் கொஞ்சம் எடுத்துட்டாப் போதும். முடிச்சுட்டு ராத்திரி ரயில்லயே கிளம்பிடறேன்.”

‘தேவையில்லாதது’ என்ற சொல் அந்தக் கட்டிடத்தில் அதுவரை யாரும் சொல்லாத சொல். மேடம் முகம் வெளுத்துவிட்டது. அவனைக் கையோடு இயக்குநர் அறைக்கு அழைத்துப் போனார்.

இயக்குநர் நல்ல மனிதர். யாரையும் திட்டமாட்டார், எதையும் முடிக்கவும் மாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“அரை மணி நேரமா? அரை மணி நேரத்துல முடியற வேலைக்கு நான் எப்படிப்பா குழு போடறது?”

போட்டுவிட்டார். ‘அளவுக் குறைப்பு ஆலோசனைக் குழு’. இயக்குநர் தலைவர், மேடம் செயலாளர், தட்டச்சர் அக்கா குறிப்பெழுத. அவன் சிறப்பு அழைப்பாளர். சிறப்பு அழைப்பாளருக்கு நாற்காலி ஒதுக்க விதியில் இடமில்லை என்பதால் எல்லாக் கூட்டத்திலும் நின்றான்.

முதல் கூட்டத்தில் இயக்குநர் தொடக்கவுரை ஆற்றினார்.

“இந்த இயக்ககம் ஆரம்பிச்சு நாப்பத்து மூணு வருஷம். இத்தனை வருஷத்துல நாம ஒரு தாளைக்கூடத் தொலைச்சதில்ல. யாராவது வந்து கேட்டப்போ எடுத்துக் கொடுத்ததும் இல்ல, அது வேற விஷயம். கொடுக்கறது நம்ம வேலை இல்ல. வச்சிருக்கறதுதான் நம்ம வேலை. இப்போ குறைக்கச் சொல்றாங்க. குறைப்போம். ஆனா எதையும் எடுக்காம குறைப்போம்.”

மேடம் கைதட்டினார். அக்கா குறிப்பெழுதிக்கொண்டிருந்ததால் ஒரு கையால் மேசையைத் தட்டினார். அவன் ஆரம்பித்தான்.

“சார், மெஷின் தூங்கப் போறப்போ தன் ஞாபகத்தை எழுதி வச்சுக்கறதுக்குன்னு பதினாறு ஜிபிக்கு ஒரு கோப்பு வச்சிருக்கு. நம்ம மெஷினை நாம தூங்க விடறதே இல்ல. அந்தக் கோப்பு சும்மா கிடக்குது. அதை எடுத்துட்டா வேலை முடிஞ்சுது.”

மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மத்தியானம் இரண்டிலிருந்து இரண்டே முக்கால் வரை கோப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு பரிசீலிப்பார். இழுப்பறையில் அதற்கென்று ஒரு சின்னத் தலையணையும் இருந்தது.

“இன்னைக்கு மெஷினோட தூக்கத்தை எடுப்பீங்க. நாளைக்கு?” என்றார் மேடம்.

“மேடம், நான் மனுஷங்களைச் சொல்லலை.”

“எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.”

கொடுத்த வசதியைத் திரும்பப் பிடுங்கும் நிர்வாகம் என்ற கெட்ட பெயர் தமக்கு வேண்டாம் என்றார் இயக்குநர். கணினிக்கு ஒதுக்கிய தூக்கம் வீணாகிறது என்பது மட்டும் உண்மை என்பதால், தினமும் இரண்டு மணியிலிருந்து இரண்டே முக்கால் வரை அதையும் தூங்க வைப்பது என்று தீர்மானமாயிற்று. அன்றிலிருந்து அந்த முக்கால் மணி நேரம் அலுவலகமே அமைதியில் ஆழ்ந்தது.

கூட்டத்தின் குறிப்பை அக்கா தட்டச்சு செய்தார், அச்செடுத்தார், மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதை அக்கா ஸ்கேன் செய்து முதன்மைக் கணினியில் சேமித்தார். எல்லாருடைய கைபேசிக்கும் அனுப்பினார். இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதின்மூன்றாயிற்று.

இரண்டாவது கூட்டத்தில் குப்பைத்தொட்டியைச் சொன்னான். கணினித் திரையில் ஓரத்தில் தொட்டிப் படம் போட்டு ஓர் இடம் இருக்கிறதே, வேண்டாதவற்றைத் தள்ளுகிற இடம், அதற்குள்ளேயே பத்தொன்பது ஜிபி கிடந்தது. தொட்டிக்குள் இருப்பதை எடுக்க எவர் மனமும் புண்படாது என்று நம்பினான்.

“ஐயையோ!” என்று எழுந்துவிட்டார் மேடம். “அது என்னோட முக்கியமான கோப்பெல்லாம்!”

“தொட்டிக்குள்ளயா மேடம்?”

“பின்னே? திரையைத் திறந்தா முதல்ல கண்ணுல படறது அதுதான். மூடி இல்ல, பூட்டு இல்ல, கையை விட்டா வரும். பதினோரு வருஷமா அதுலதான் வச்சிருக்கேன். ரொம்ப முக்கியமானதை மட்டும்தான் அதுல போடுவேன்.”

இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டார். இந்த மாதிரி ஒழுங்கு எல்லாருக்கும் வர வேண்டும் என்றார். இனி எல்லாப் பிரிவினரும் முக்கிய ஆவணங்களைத் தொட்டியிலேயே வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. தொட்டி பத்தொன்பதிலிருந்து முப்பதாகியது, ஏனென்றால் இருந்த இடத்திலும் ஒரு நகல் இருக்கட்டும் என்று எல்லாரும் இரண்டாகப் போட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, பாப்பா இன்னைக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சா. போட்டோ அனுப்பியிருக்கேன், பார்த்தீங்களா?”

அவன் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. போனில் இடம் இல்லை என்று வந்தது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வரும் சுற்றறிக்கைகளும் கூட்டக் குறிப்புகளும் போனை நிரப்பிவிட்டிருந்தன. ஊழியர் கைபேசியில் வந்து சேரும் அலுவலகச் செய்திகளும் அழியா ஆவணமே என்று தனியாக ஒரு விதி இருந்தது. மாதக் கடைசியில் மேடம் ஒவ்வொரு போனாக வாங்கி எண்ணிப் பார்ப்பார். பிறந்த அன்று வந்த ஒரே ஒரு படம்தான் அவனிடம் இருந்தது. அதிலும் துணிச் சுருளுக்குள் ஒரு மூக்கு மட்டும்தான் தெரியும்.

“பார்த்தேன், பார்த்தேன். அப்படியே உன்னை மாதிரி” என்றான். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது கூட்டத்தில் புத்திசாலித்தனமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனான். எதையும் எடுக்கவே வேண்டாம், உள்ளதை உள்ளபடியே சுருக்கிக் கட்டலாம், வேண்டும்போது விரித்தால் பழையபடி வந்துவிடும், அளவு பாதியாகும் என்றான்.

“சுருக்கினா எழுத்து நசுங்காதா?” என்றார் இயக்குநர்.

“நசுங்காது சார். ஒரு புள்ளிகூட மாறாது.”

“வாய்ல சொன்னா ஆச்சா? சோதனை பண்ணுவோம்.”

சோதனைக்கு ஒரு கடிதத்தை எடுத்தார்கள். சுருக்குவதற்கு முன்னால் அச்செடுத்து மேடம் அடிக்கோல் வைத்து எழுத்தின் உயரத்தை அளந்தார். மூன்று மில்லிமீட்டர். அவன் கோப்பைச் சுருக்கி, விரித்து, மறுபடி அச்செடுத்துக் கொடுத்தான். மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார். மூன்று மில்லிமீட்டர். அவனுக்கு உயிர் வந்தது.

“பார்த்தீங்களா மேடம்? அப்படியே இருக்கு!”

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றார் மேடம். “பாதியாகும்னீங்க. அப்படியேதானே இருக்கு? கொஞ்சம்கூடக் குறையலையே.”

சுருக்கும் முறை சோதனையில் தோல்வி என்று குறிப்பெழுதப்பட்டது. அளந்த தாள் இரண்டும், அடிக்கோலின் முன்பக்கமும் பின்பக்கமும், சாட்சியத்துக்காக ஸ்கேன் செய்து சேமிக்கப்பட்டன.

நொந்துபோய் ஸ்கேன் மேசைப் பக்கம் போய் நின்றான். அக்கா ஒரு கடிதத்தை வைத்து முன்பக்கம் எடுத்தார், திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எடுத்தார். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளைத் தாள். அடுத்த கடிதம். முன், பின். அதிலும் பின்பக்கம் வெள்ளை.

“ஏன்க்கா, இந்தக் காலி பக்கத்தை எதுக்கு எடுக்கறீங்க?”

“தாளுக்கு ரெண்டு பக்கம்தானே தம்பி? ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தா அரைத் தாள்தானே ஆகும்?”

“கலர்லயா எடுக்கறீங்க?”

“வெள்ளை நல்லா வரணும்ல?”

அவன் ஓடிப்போய்க் கணினியில் தேடினான். காலிப் பக்கங்கள் மட்டும் நாற்பத்தோராயிரம். எழுபது ஜிபி. அவனுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. தூக்கம் இருக்கட்டும், தொட்டி இருக்கட்டும், ஒன்றுமே இல்லாத பக்கத்தை எடுக்க யார் மறுக்க முடியும்? அன்று மாலையே மனைவிக்குப் போன் செய்து, “அடுத்த வாரம் வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டான்.

நான்காவது கூட்டத்தில் இயக்குநர் வெகுநேரம் யோசித்தார். வெறும் வெள்ளையாக இருந்த திரையை உற்றுப் பார்த்தார். அடுத்த பக்கம் போட்டுக் காட்டச் சொன்னார். அதையும் பார்த்தார்.

“ஒன்னும் இல்லைதான்” என்றார் கடைசியில்.

அவனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

“ஆனா ஒன்னும் இல்லைன்னு யார் சொல்றா?”

“சார்?”

“நீ சொல்றே. நான் சொல்றேன். நாளைக்கு நான் ஓய்வு பெற்றுடுவேன். எவனாவது வந்து, அந்தப் பக்கத்துல ஏதோ இருந்துச்சு, இந்த இயக்குநர்தான் அழிச்சார்னு சொன்னா? ஒவ்வொரு பக்கமும் காலின்னு ஒரு பொறுப்பான அதிகாரி சான்று கொடுக்கணும். கொடுத்துட்டா தாராளமா எடுத்துடலாம். எனக்கு ஆட்சேபணையே இல்ல.”

அதற்கும் வழிமுறை தயாரானது. ஒவ்வொரு காலிப் பக்கத்தையும் அச்செடுக்க வேண்டும். அதன்மேல் ‘இப்பக்கம் காலி எனச் சான்றளிக்கப்படுகிறது’ என்று ரப்பர் முத்திரை குத்தி, மேடம் கையெழுத்துப் போட வேண்டும். அதை அக்கா ஸ்கேன் செய்து சேமிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் பக்கம். நாற்பத்தோரு வேலை நாள்.

முதல் தாள் தயாரானதும் அவன் அதைக் கையில் எடுத்தான்.

“மேடம், இப்ப பழைய காலிப் பக்கத்தை எடுத்துடலாமா?”

“எப்படி எடுப்பீங்க? சான்றோட மூலமே அதுதானே. சான்று இருக்கற வரைக்கும் மூலம் இருக்கணும்.”

“அப்ப சான்றை எடுத்துடலாமா?”

மேடம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “அதுல முத்திரை இருக்கு, என் கையெழுத்து இருக்கு. அது எப்படித் தம்பி காலியாகும்?”

அவன் தாளை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆனால் உண்மையான அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. ஸ்கேன் மேசையிலிருந்து அக்கா கூப்பிட்டார். கையில் சான்றளித்த அதே தாளைத் திருப்பிப் பிடித்திருந்தார்.

“தம்பி, இதோட பின்பக்கமும் காலியால்ல இருக்கு?”

நாற்பத்தோரு நாளில் நாற்பத்தோராயிரம் சான்றிதழ்களும், அவற்றின் நாற்பத்தோராயிரம் காலிப் பின்பக்கங்களும் கணினியில் ஏறின. அந்தப் பின்பக்கங்களுக்குச் சான்றளிக்க இன்னொரு நாற்பத்தோரு நாள். பொட்டலம் இருநூற்றைம்பதைக் கடந்தது, முந்நூற்றைக் கடந்தது, நானூற்றைக் கடந்தது. கையெழுத்துப் போட்டுப் போட்டு மேடத்தின் கைக்குக் கட்டுப் போட வேண்டியதாயிற்று. ஆனால் அவர் முகத்தில் இப்படி ஒரு ஒளியை யாரும் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதற்கு அடியில் கையெழுத்துப் போட்டவர், முதன்முறையாக ஒரு முழுப் பக்கத்தில் தான் மட்டும் இருந்தார். அவனுக்கே ஒரு கணம் அவர்மேல் கோபம் போய்விட்டது. மறுகணம் வந்துவிட்டது.

அங்கே மகளுக்குத் தலை நின்றது. குப்புற விழுந்தாள். மனைவி போனில் சொன்னாள். முதலில் தினமும் சொன்னாள், அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தரம், அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் மாமியார்தான் பேசினார்.

“மாப்பிள்ளை, ஒன்னு கேட்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க ஆபீஸ்ல அப்படி என்னதான் வேலை?”

“குறைக்கற வேலை அத்தை.”

“எவ்வளவு குறைச்சிருக்கீங்க?”

“இருநூறு கூடியிருக்கு அத்தை.”

மாமியார் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முதன்மைக் கணினியின் மொத்த இடமே ஐந்நூறு ஜிபிதான். நிரம்பப் போகிறது, நிரம்பினால் நின்றுவிடும் என்று அவன் தினமும் எழுதிக் கொடுத்தான். எழுதிக் கொடுத்ததையெல்லாம் அக்கா முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து சேமித்தார். அவனுடைய எச்சரிக்கைகள் மட்டுமே மூன்று ஜிபி.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு இயக்குநர் அவனை அழைத்துத் திரையைக் காட்டினார். சிவப்பாக ஒரு பட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போயிருந்தது. பக்கத்தில் ‘100%’ என்று இருந்தது.

“நூத்துக்கு நூறு!” என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. “என் பணிக்காலத்துல எந்த வேலையும் அறுபதைத் தாண்டினதில்லப்பா.”

“சார், அது இடம் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்.”

“அடக்கத்துக்கும் ஒரு அளவு உண்டு தம்பி.”

உடனே சிறப்புக் கூட்டம். மேடம் கட்டுப் போட்ட கையோடு பாராட்டுரை வாசித்தார். அவனுக்கு ஒரு நாற்காலிகூடக் கொண்டுவரச் சொன்னார்கள். நாற்காலி வருவதற்குள் மணி இரண்டாகிவிட்டது. விதிப்படி கணினி தூங்கப் போயிற்று. தூங்குவதற்கு முன்னால் ஞாபகத்தை எழுதி வைக்க, ஒதுக்கிய பதினாறு ஜிபி போதாமல் மேலும் இடம் தேடியது. இடம் இல்லை. ஒரு தரம் விக்கியது, திரை கறுத்தது. இரண்டே முக்காலுக்கு மேடம் எழுந்துவிட்டார். கணினி எழவில்லை.

மூவரும் கறுத்த திரையின் முன்னால் நின்றார்கள். இயக்குநர் திரையை விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

“போச்சா?”

“போகலை சார். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கு. மெஷினைத் திறந்து அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வேறொரு மெஷின்ல போட்டா, ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் காப்பாத்திடலாம்.”

“டிஸ்க்கைத் திறந்து படிக்கறதுக்கு அனுமதி வேணுமே. அந்த அனுமதிப் படிவம் எங்க இருக்கு?”

“அதுக்குள்ளதான் சார்.”

காகித மூலங்கள் பெட்டிகளில் இருந்தன. ஆனால் எந்தப் பெட்டியில் எது என்ற பட்டியலும் அதற்குள்தான். இயக்குநர் நெடுநேரம் யோசித்தார். அந்த அலுவலகத்தில் திறக்கத்தான் அனுமதி வேண்டும், மூட வேண்டாம். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

“அப்ப அந்த டிஸ்க்கையே கழற்றி இரும்புப் பெட்டில வச்சுடுவோம். நகல் எதுக்கு? அசலே பெட்டிக்குள்ள இருக்குன்னா அதைவிடப் பாதுகாப்பு ஏது?”

கழற்றினார்கள். துணியில் சுற்றி, அரக்கு வைத்து, டெலிட் பொத்தான்கள் இருந்த உறைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்கள். நாற்பத்து மூன்று வருட ஆவணமும் பத்திரமாக உள்ளே இருந்தது. இனி யாராலும் ஒரு தாளைக்கூடத் தொலைக்க முடியாது, எடுக்கவும் முடியாது. கணினிக்கு அவன் புதிய வட்டு பொருத்தி இயங்குதளத்தை ஏற்றினான். புதுப் பொட்டலம் எவ்வளவு என்று கணக்கிட்டான். பதினொரு ஜிபி. இருநூறு ஜிபி வட்டில் பத்தில் ஒரு பங்கு இடம்கூட அதற்குத் தேவைப்படவில்லை.

ஒரு ஆவணத்தையும் நீக்காமல் இருநூற்றுப் பன்னிரண்டைப் பதினொன்றாகக் குறைத்த சாதனை பற்றி இயக்குநர் மேலிடத்துக்கு எழுதினார். புதுக் கணினியில் ஏறிய முதல் ஆவணம் அதுதான். இரண்டாவது அதன் பின்பக்கம்.

வேலை முடிந்தது. அவன் புதிதாக விடுப்பு விண்ணப்பம் எழுதிக்கொண்டு மேடத்திடம் போனான். மேடம் புதுக் கணினியில் அவன் பெயரைத் தேடினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார்.

“நீங்க யாரு?”

“மேடம்! நான்தான் மேடம்.”

“எனக்குத் தெரியுது தம்பி. எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? பணிப் பதிவேடு பெட்டிக்குள்ள போயிடுச்சு. என்னையும் டைரக்டரையும் அக்காவையும் குழு உறுப்பினர்ங்கற முறைல இன்னைக்குக் காலைல சேர்த்துக்கிட்டோம். உங்களைச் சேர்க்கலாம்னா சேர்ந்த தேதி வேணும். அது பெட்டிக்குள்ள இருக்கு. பதிவுல இல்லாத ஊழியருக்கு எப்படி லீவு கொடுக்கறது?”

அவன் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு இயக்குநர் அறைக்கு நடந்தான். பாதி வழியில் நின்றான். ஏதோ ஒன்று அவனுக்குள் மெல்லத் திரும்பி உட்கார்ந்தது. மீதி வழியை வேகமாக நடந்தான்.

“சார், நான் பதிவுல இல்லையாம். எனக்கு லீவு கிடையாதாம்.”

“ஆமாப்பா. வருத்தம்தான். விதி அப்படி.”

“சரி சார். நான் லீவு கேட்கலை. பதிவுல இல்லாத ஒருத்தன் இப்ப இந்த வாசல் வழியாப் போனா, போனது யாரு?”

இயக்குநர் விதிப்புத்தகத்தை எடுத்தார். முன்னாலிருந்து புரட்டினார், பின்னாலிருந்து புரட்டினார். மூக்கைச் சொறிந்தார்.

“யாரும் போகலைன்னுதான்பா ஆகும்.”

“யாரும் போகலைன்னா நிலுவை?”

“யாருக்கு நிலுவை? யாருமே இல்லையே.” அவர் குரலில் சட்டென்று ஒரு பொறாமை எட்டிப் பார்த்தது. “எத்தனை மணி ரயில்?”

“மூணேகால் சார்.”

“ரெண்டு மணிக்குக் கிளம்பு. அப்ப யாரும் பார்க்கமாட்டாங்க.”

நடுராத்திரி தாண்டி ரயிலிறங்கியவன், நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து, விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு மாமியார் வீட்டுக் கதவைத் தட்டினான். மனைவி திறந்தாள். திட்ட நிறைய வைத்திருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், குழந்தையைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

அவன் நினைத்திருந்ததைவிட மகள் கனமாக இருந்தாள். ஏழு கிலோ. மூக்கு மட்டும்தான் அவனுக்குத் தெரிந்த மூக்கு. மற்றதெல்லாம் புதிது. அவள் அவனைச் சந்தேகத்தோடு பார்த்தாள். சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடித்துப் பெயர்க்கப் பார்த்தாள். முடியாமல்போகவே நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்து, வாயை முழுக்கத் திறந்து சிரித்தாள்.

“அப்படியே இரு, அப்படியே இரு” என்று ஒரு கையால் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனான். இடம் இல்லை என்றது போன். அலுவலகச் செய்திகள் ஆறாயிரத்து நானூறு. எல்லாவற்றையும் நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது.

அவன் பழக்கதோஷத்தில் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தான். மூன்று கையெழுத்துக்கு அங்கே யாரும் இல்லை. கதவோரம் மனைவி நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

‘ஆம்’ என்பதை அழுத்தினான்.